காவிரிக் கரையில் ஒரு கோடைப் பள்ளி

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக் கதவுகள் சாத்தப்பட்டதும் பிள்ளைகளின் உள்ளத்தில் மகிழ்ச்சி பிறக்கிறது. பெற்றோரின் உள்ளத்திலோ கவலை பிறக்கிறது. இத்தனை நாள்களையும் இவர்கள் எப்படிக் கழிப்பார்கள்? வெயிலில் அலைவார்களா, கைப்பேசியைக் கையில் எடுத்தால் கீழே வைப்பார்களா என்றெல்லாம் எண்ணி, ஏதேனும் ஒரு பயிற்சி வகுப்பில் பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதி அடைகிறோம். நாங்களும் அப்படித்தான் செய்ய இருந்தோம். எங்கள் மகன் ஏழாம் வகுப்புக் கணிதத்தில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தான். விழுக்காடு, பின்னம் என்ற சொற்களைக் கேட்டாலே அவன் முகம் வாடிவிடும். மகள் நான்காம் வகுப்பு. அவளுக்குக் கேள்விகள் அதிகம், விடை சொல்ல எங்களுக்கு நேரம் குறைவு.

அவ்வேளையில் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து தாத்தா தொலைபேசியில் அழைத்தார். “வகுப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாங்க. அடுத்த வருஷம் நான் நிலத்தைக் குத்தகைக்கு விட்டாலும் விட்டுடுவேன்” என்றார். அந்தக் கடைசிச் சொற்கள் எங்களை உறுத்தின. கட்ட இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, ஏப்ரல் மாதம் 12ஆம் நாள் குடும்பத்தோடு திருச்சியில் இறங்கினோம். அடுத்த பதினைந்து நாள்கள் எங்களுக்குக் கற்பித்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

கல்லும் மணலும்

முதல் நாள் காலை கல்லணைக்குச் சென்றோம். காவிரியில் நீர் இல்லை. அகன்ற மணற்பரப்பு வெயிலில் வெள்ளையாய்க் கிடந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். நீர் போதாத ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போகும். திறந்து சில நாள்களில் நீர் கல்லணையை வந்தடைய, இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று மக்கள் வழங்கும் கல்லணைக் கால்வாய் ஆகியவற்றில் பகிர்ந்து விடுவார்கள். வெள்ளம் மிகுந்தால் மிகுநீர் கொள்ளிடத்திற்குப் போகும். வறண்ட ஆற்றைக் கண்டு பிள்ளைகள் ஏமாற்றமடைந்தார்கள். ஆனால் ஆற்றின் அடிவயிற்றைக் காண வறண்ட காலமே ஏற்றது என்பதைச் சற்று நேரத்தில் உணர்ந்தோம்.

“இவ்வளவு மணலில் அஸ்திவாரம் எப்படி நிற்கும்?” என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. கரிகாலன் காலத்தது என்று போற்றப்படும் இவ்வணையைக் கட்டியவர்கள் பாறையைத் தேடி மணலைத் தோண்டிக்கொண்டிருக்கவில்லை. பெருங்கற்களை மணலில் இட்டார்கள். நீரோட்டம் கல்லின் அடியிலுள்ள மணலை அரிக்க, கல் தானே கீழே அமிழ்ந்தது. அதன் மேல் அடுத்த கல்லை இட்டார்கள். இடையே களிமண் பூசினார்கள். ஓரளவு ஆழத்தில் கற்கள் அசையாமல் நின்றுவிட்டன. ஏறத்தாழ 1,080 அடி நீளமுள்ள இவ்வணையை ஆராய்ந்த ஆர்தர் காட்டன், ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் அமைக்கும் கலையைப் பழந்தமிழரிடமிருந்தே கற்றதாக ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தைக் கொண்டே 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். பின்னர்க் கோதாவரியிலும் அணை எழுப்பினார்.

அன்று மாலை வீட்டு முற்றத்தில் இதைச் செய்து பார்த்தோம். பழைய தகரத் தட்டில் ஆற்றுமணலைப் பரப்பி, ஒரு கூழாங்கல்லை நடுவில் வைத்து, தட்டைச் சற்றே சாய்த்து, செம்பிலிருந்து மெல்ல நீர் ஊற்றினோம். கல்லைச் சுற்றி மணல் அரிபட்டு, கல் அமிழ்ந்து சாய்வதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். அதன்மேல் மற்றொன்று, அதன்மேல் வேறொன்று. நான்காவது கல் அசையாமல் நின்றபோது மகள் கைதட்டினாள். செலவு எதுவும் இல்லை, சேறு மட்டும்தான்.

அடுத்த நாள் ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு வயல்மண்ணும் மீதி நீரும் இட்டு, நன்றாகக் குலுக்கி, திண்ணையில் அசையாமல் வைத்தோம். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் தங்கியது. சில மணி நேரத்தில் வண்டல் அதன்மேல் படிந்தது. களிமண்ணோ நீரைக் கலக்கிக்கொண்டே நின்று, மறுநாள்தான் மெல்லிய ஏடாகப் படிந்தது. ஆற்று மண்ணை இட்ட புட்டியில் ஏறக்குறைய முழுதும் மணல். இரண்டு புட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வயலில் நீர் ஏன் தேங்கி நிற்கிறது, ஆற்றில் ஏன் உறிஞ்சப்படுகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நூறு நெல்மணிகள்

வீட்டின் கூடத்தில் குறுவைக்கான விதைநெல் சாக்கில் இருந்தது. சென்ற ஆண்டுக் குறுவையில் தாத்தா தாமே தேர்ந்து எடுத்து வைத்த ஆடுதுறை நெல். 1922இல் ஆடுதுறையில் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த இரகங்கள் இப்பகுதியில் வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப் போலப் பழகியவை. தாத்தா அவற்றை எண்ணாலேயே அழைப்பார்.

விதையைத் தேர்வு செய்யும் முறையை அப்பாயி காட்டினார். அகன்ற பாத்திரத்தில் நீரெடுத்து, உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, அதில் ஒரு புதிய கோழிமுட்டையை இட்டார். முதலில் முட்டை அடியில் கிடந்தது. உப்பு ஏற ஏற அது மேலெழுந்து, பழைய நாலணாக் காசளவு ஓடு நீருக்கு மேலே தெரிந்ததும், “போதும், இப்ப நெல்லைப் போடு” என்றார். பதரும் அரைகுறை மணியும் மிதந்தன. நிறைந்த மணிகள் அமிழ்ந்தன. மிதந்தவற்றை அரித்து எடுத்துவிட்டு, அமிழ்ந்த நெல்லை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவினோம். உப்பு தங்கினால் முளை கருகும். நீரின் அடர்த்தி என்பதைப் புத்தகத்தில் படித்திருந்த மகன், அதை அன்றுதான் ஒரு முட்டையின் வடிவில் சந்தித்தான்.

அமிழ்ந்த நெல்லில் நூறு மணிகளை எண்ணி எடுத்து, இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, நிழலில் வைத்தான். காலையும் மாலையும் நீர் தெளிப்பது அவன் பொறுப்பு. தாத்தா சிரித்தார். “ஏண்டா தம்பி, நான் கையில அள்ளிப் பார்த்த விதையாச்சே. அமிழ்ந்ததெல்லாம் முளைக்கும். இதை எண்ணணுமா?” என்றார். ஆயினும் தடுக்கவில்லை.

தஞ்சை நகரில்

விதை ஊறி முளைகட்டிக்கொண்டிருந்த வேளையில், பூண்டி மாதா திருத்தலத்தில் சற்று அமர்ந்து எழுந்து, 17ஆம் நாள் மாலை தஞ்சாவூரில் உறவினர் இல்லம் சேர்ந்தோம். மறுநாளைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாங்களும் சிறுவயதில் நம்பினோம், பிள்ளைகளுக்கும் சொல்லியிருந்தோம். அது மெய்தானா என்று சோதிக்க ஏப்ரல் 18ஐ விடச் சிறந்த நாள் இல்லை. அந்நாளை ஒட்டியும், மீண்டும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் நண்பகலில் கதிரவன் தஞ்சைக்கு நேர்மேலே நிற்கிறான். அப்போது செங்குத்தாக நிற்கும் எப்பொருளுக்கும் பக்கத்தில் நிழல் இல்லை. கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10ஐ ஒட்டியும், சென்னையில் 24ஐ ஒட்டியும் நிகழும்.

மொட்டைமாடியில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் ஓரடிக் குச்சியைக் களிமண்ணில் நிறுத்தினோம். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். காலை 9 மணி முதல் அரைமணிக்கு ஒருமுறை நிழலின் முனையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தார்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி வந்து, 12 மணி 13 நிமிட அளவில் குச்சியின் காலடியில் மறைந்தே போயிற்று. கடிகாரம் 12 காட்டும்போதே ஏன் மறையவில்லை? நம் நாட்டின் கடிகாரங்கள் தஞ்சைக்குக் கிழக்கே உள்ள கோட்டை ஒட்டி ஓடுகின்றன. கதிரவன் அங்கிருந்து இங்கு வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கிறது. (கதிரவனை நேரே பார்க்கலாகாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். நிழலைப் பார்ப்பதே நம் வேலை.)

மாலை நான்கரை மணிக்குப் பெரிய கோயிலுக்குச் சென்றோம். முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த அந்த விமானம், இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நின்றது. அதன் நிழல் முற்றத்தில், கிழக்கே நந்தி மண்டபத்தின் பக்கமாக, ஐயத்திற்கு இடமின்றி நீண்டு கிடந்தது! கீழே அகன்று மேலே குறுகிச் செல்லும் வடிவமாதலால், கதிரவன் உச்சியில் நிற்கையில் மேற்பகுதியின் நிழல் கீழ்ப்பகுதியின் மேலேயே அடங்கிவிடுகிறது, அவ்வளவே. “அப்போ நீங்க சொன்னது பொய்யாப்பா?” என்றாள் மகள். “நாங்கள் பார்க்காமல் நம்பினோம். நீ பார்த்துவிட்டுச் சொல்கிறாய்” என்றோம். அந்தக் கோயிலின் பெருமை இதனால் குறையவில்லை. கோயிலைக் கட்டியவர்கள் நிழலையும் கோணத்தையும் அளந்து அறிந்தவர்கள். அவர்களை மதிக்கும் வழியும் அளந்து பார்ப்பதே.

கோயிலுக்கு வெளியே தலையாட்டிப் பொம்மை ஒன்றை வாங்கினோம். எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும் அதன் மருமம் அடியில் இருக்கிறது: அரைவட்டமான, கனத்த அடி, மேலே இலேசான உடல். இரவில் அதே தத்துவத்தில் நாங்களே ஒன்று செய்தோம். முட்டையின் ஒரு முனையில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை வடித்து, ஓட்டைக் கழுவி உலர்த்தி, அடியில் ஈரக் களிமண் உருண்டையை ஒட்டவைத்தோம். உலர்ந்தபின் காகிதத் தொப்பி, கண், மூக்கு. களிமண் சற்று ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதால் எங்கள் பொம்மை தலைசாய்த்தே நின்றது. மகள் அதற்கு ‘சோம்பேறி’ என்று பெயரிட்டாள். இரண்டாவது பொம்மை நேராக நின்றது.

ஒரு மன்னனும் ஒரு தந்தையும்

மறுநாள் காலை சரசுவதி மகால் நூல்நிலையத்தின் காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகளைக் கண்டோம். இதனைப் பெருக வளர்த்த இரண்டாம் சரபோசி மன்னர் 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தவர். இளமையில் அவருக்கு ஆசிரியராகவும் காவலராகவும் விளங்கியவர் சுவார்ட்சு என்ற செருமானிய மறைப்பணியாளர். அந்த ஆசிரியர் ஊட்டிய அறிவுவேட்கை மன்னரை விட்டு அகலவில்லை. பல மொழி நூல்களைத் திரட்டினார். 1805இல் அரண்மனையில் அச்சுக்கூடம் நிறுவினார். செடிகளையும் பறவைகளையும் நேரிற்கண்டு ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். ஆசிரியர் மறைந்தபின் அவருடைய நினைவாக மன்னர் அமைத்த பளிங்குச் சிற்பம் சிவகங்கைக் குளத்தருகே உள்ள ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. மன்னர் ஆசிரியரின் படுக்கையருகே நிற்கும் காட்சி அது.

சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லாததை மகள் கண்டுபிடித்தாள். ஊர் திரும்பியதும் அதற்கும் விடை கிடைத்தது. வாய்க்கால் கரையிலுள்ள பனையின் இளவோலையை நறுக்கி, சிறிது மஞ்சளிட்ட நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, ஓர் இரும்பாணியால் எழுதினோம். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்ததும் கீறிய எழுத்துகள் கறுப்பாய் எழுந்தன. புள்ளி வைக்க அழுத்தியபோது ஓலை துளைபட்டது. நேர்க்கோடு இழுத்தபோது நரம்போடு கிழிந்தது. வளைந்த எழுத்தே ஓலைக்குப் பகையில்லாதது. எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் புள்ளியை மட்டுமே நம்பி வேறுபட்டிருந்த காலத்தில் படிப்போர் பட்ட இடர்ப்பாட்டை உணர்ந்து, அவற்றின் வடிவை வேறுபடுத்தியவர் 1680இல் இத்தாலியில் பிறந்து நம்மிடையே வாழ்ந்த வீரமாமுனிவர் என்பது மரபு. அவருடைய உழைப்பின் பயனை, ஓலை கிழிந்த பிறகே எங்கள் பிள்ளைகள் உணர்ந்தார்கள்.

தஞ்சையில் எங்கள் நினைவுக்கு வந்த மற்றொருவர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் பிறந்து, மருத்துவராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்து, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரும் இசைநூலை வெளியிட்டவர். தம் ஆராய்ச்சியை இல்லத்தினுள்ளேயே தொடங்கினார். தம் மக்களுக்கு இசை கற்பித்தார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய கருத்தை வீணையில் மீட்டிக் காட்டியவர்கள் அவர் பெற்ற பெண்மக்களே. வீடே கல்விக்கூடமானதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அவரை எண்ணி நாங்களும் ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, அவற்றிடையே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, இரு முனைகளிலும் மரத்துண்டைச் செருகி, இடைநீளம் 60 சென்டிமீட்டர் ஆகுமாறு அமைத்தோம். கம்பியை மீட்டி அதைச் சட்சமமாகக் கொண்டோம். 30இல் மரத்துண்டை நிறுத்தினால் மேல் சட்சமம்; 40இல் பஞ்சமம்; 45இல் மத்திமம். பாதி, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று! பின்னத்தைக் கண்டு அஞ்சிய பிள்ளை, அன்று இரவு நெடுநேரம் அதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தான்.

எண்ணிக்கை சொன்ன செய்தி

தஞ்சையிலிருந்து திரும்பிய மாலையிலேயே மகன் துணிச்சுருளை அவிழ்த்தான். இரண்டு முறை எண்ணினான். பின்னர்த் தயங்கித் தயங்கி, “தாத்தா, 63தான் முளைச்சிருக்கு” என்றான்.

தாத்தா நம்பவில்லை. “நீர் விட மறந்திருப்பே” என்றார். மகனின் கண் கலங்கியது. ஒருவேளையும் தவறியதில்லை என்று அப்பாயி சான்று சொன்னார். அப்பொழுது தாத்தா எழுந்து சென்று, சாக்கின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் தம் கையாலேயே மணிகளை அள்ளி, உப்புநீரில் அமிழ்ந்தவற்றுள் நூறைத் தாமே எண்ணிக் கொடுத்தார். இம்முறை நீர் தெளித்தவரும் அவரே. ஏழாம் நாள் எண்ணியபோது 66.

தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மழையில கூடத்துச் சுவர் ஓதம் காத்திருக்கு. சாக்கை அதை ஒட்டி வச்சிட்டேன்” என்றார். அமிழும் விதை கனமான விதைதான். ஆனால் கனமெல்லாம் உயிர் ஆகாது. உப்புநீர் பதரைக் காட்டும்; உயிரைக் காட்ட ஈரத்துணி வேண்டும். சான்று பெற்ற நெல்விதைக்கு நூற்றுக்கு 80 முளைப்பு இருந்தாக வேண்டும் என்பது விதி.

“ஏக்கருக்கு 24 கிலோ விதைக்கிறோம். இந்த விதையா இருந்தா எவ்வளவு போடணும்?” என்று தாத்தா கேட்டார். திண்ணையில் சுண்ணக்கட்டியால் மகன் கணக்கிட்டான். 24 கிலோவில் 80 விழுக்காடு என்றால் முளைப்பது 19.2 கிலோ. 63 விழுக்காட்டு விதையில் அதே அளவு முளைக்க ஏறத்தாழ முப்பதரைக் கிலோ வேண்டும். ஏக்கருக்கு ஆறரைக் கிலோ கூடுதல். மூன்று ஏக்கருக்கு ஏறக்குறைய இருபது கிலோ! விழுக்காடு என்பது அவனுக்கு இனி ஒரு சொல் அன்று. அது தாத்தாவின் நாற்றங்கால்.

கூட்டிப் போட்டாலும் நலிந்த விதையின் நாற்று நலிந்தே வளரும் என்று தாத்தா முடிவு செய்தார். அந்நெல்லை அரிசிக்கு ஒதுக்கிவிட்டு, வேறு விதை வாங்கச் சொன்னார். எண்ணாமல் விட்டிருந்தால், நீர் வந்து, நாற்றங்கால் விட்டு, பயிர் வெளிறி நின்றபின்தான் தெரிந்திருக்கும். அப்பொழுது பருவம் கடந்திருக்கும். புறப்படும் நாளில் பேரனின் தலையில் கைவைத்து, “என் கை பொய் சொல்லிடுச்சு. உன் எண்ணிக்கை சொல்லலை” என்றார். அறுபது ஆண்டு உழவு செய்த மனிதர் ஒரு சிறுவனிடம் அதைச் சொல்வதற்குப் பெருமனம் வேண்டும்.

பெற்றோரே!

எல்லாருக்கும் காவிரிக் கரையில் வீடு இருக்காது. ஆனால் தட்டு மணலும், கண்ணாடிப் புட்டியும், ஓரடிக் குச்சியும், ஒரு முட்டையும், நூறு விதைகளும் எந்த வீட்டிலும் கிடைக்கும். நெல் இல்லையேல் பயறு போதும். இவற்றைச் செய்ய மூன்று விதிகளை மட்டும் நாங்கள் கற்றோம். விடையை முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் எண்ணியதையும் அளந்ததையும் நாள் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். அவர்கள் கண்டது உங்கள் சொல்லுக்கு மாறாக இருந்தால், சினவாமல் மறுபடியும் சேர்ந்து எண்ணிப் பாருங்கள்.

எங்கள் மகன் கணிதத்தில் முதல் மாணவனாகிவிட்டான் என்று சொல்ல மாட்டோம். இப்பொழுது அவனுக்கு அச்சம் இல்லை. அதுவே எங்களுக்குப் போதும். ஜூன் மாதம் தாத்தா அழைத்தார். புதிய விதையை அவரே துணியில் சுருட்டி எண்ணினாராம், நூற்றுக்கு 91. நிலத்தைக் குத்தகைக்கு விடுவதைப் பற்றி அவர் அன்று பேசவில்லை. “தம்பிகிட்ட சொல்லு, அடுத்த கோடைக்கும் விதை எடுத்து வச்சிருக்கேன். சுவரை விட்டுத் தள்ளித்தான் வச்சிருக்கேன். வந்து எண்ணிச் சொல்லட்டும்” என்றார்.